இந்தக் கரண்டி எந்த அமைச்சகம்?

அனுப்புநர்: ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பாணேர், புனே.

பெறுநர்: மாற்றுத்திறனாளிகள் நிதி விதிகளை எழுதுவோர், புது தில்லி.

பொருள்: ஒரு கரண்டி வரண் பாத் (பருப்புச் சோறு) – அதிகார எல்லை நிர்ணயிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் கிளினிக்குக்கு மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். தானே சாப்பிடப் பழகுகிறான். ஃபிசியோ அவன் இடுப்பைப் பிடித்து நாற்காலியில் நிமிர்த்துவார். பிடி தடித்த கரண்டியை விரல்களுக்குள் செருகி, முழங்கையைத் தாங்கி, வாய்வரை கொண்டுபோகப் பழக்குவது நான். உதட்டை மூடி, புரையேறாமல் விழுங்கவைப்பது ஸ்பீச் தெரபிஸ்ட்.

அவனுக்கு ஒரு வாய்ச் சோறு. தங்களுக்கோ இரண்டு அமைச்சகம். ஸ்பீச் தெரபிஸ்ட், 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவானவர். அது சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஃபிசியோவையும் என்னையும் துணை சுகாதாரத் தொழில்களுக்கான 2021 சட்டம் சுகாதார அமைச்சகத்தில் சேர்த்தது. ஆக, தட்டிலிருந்து உதடுவரை கரண்டி சுகாதாரம். உதட்டைத் தாண்டினால் சமூக நீதி. உதட்டோரம் வழிந்த பருப்பு யார் கணக்கு? மனசுக்கும் பாகப்பிரிவினை ஆகிவிட்டது: உளவியலாளர்கள் 2021 பட்டியலில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மட்டும் மறுவாழ்வு மன்றம் என்ற பழைய வீட்டிலேயே.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு நல்ல திட்டம். இதைப் பகடியாகச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிக்கும் இடமுண்டு. ஆனால் முதலில் பெற்றோர் கைக்காசைக் கட்டி, பிறகு பில்லை அனுப்ப வேண்டும். பில்லில் என்ன எழுதுவது என்பதில்தான் வித்தை. "உணவூட்டல் பயிற்சி" என்று எழுதினேன். இது சிகிச்சையா சாப்பாடா என்று கேட்டுத் திரும்பியது. "கை இயக்கப் பயிற்சி" என்றேன். பதிவு எண் கட்டம் இடித்தது. என்னிடம் உள்ளது மகாராஷ்டிரக் கவுன்சில் எண். கட்டம் கேட்டது வேறு. பையனின் ஆஜி (பாட்டி) இப்போதெல்லாம் வந்ததும், "தாயி, போன மாசம் எழுதினதை மட்டும் எழுதிடாதே" என்கிறார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டம் 21 குறைபாடுகளை ஏற்கிறது. நிராமயாவோ தேசிய அறக்கட்டளையின் 1999 சட்டத்திலுள்ள நான்கோடு நிற்கிறது. மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி 21-இல் உண்டு, நான்கில் இல்லை. அடுத்த பாயில் படுத்திருக்கும், அந்த நோயுள்ள பிள்ளைக்கும் அதே ஃபிசியோ, அதே கட்டணம். காப்பீடு மட்டும் இல்லை.

2024-இல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் போலி என்ற ஒரு விவகாரத்தில் எங்கள் பாணேரின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. தங்கள் சந்தேகம் புரிகிறது. ஆனால் விதி மங்கலாக இருந்தால் போலிக்குத்தான் வசதி. அசல் ஆள் ஃபைலோடு வாசலில் நிற்கிறான்.

கேட்பது ஒரே ஒரு பக்கம். யார் கையெழுத்து செல்லும், எந்தப் பதிவேட்டு எண், வீட்டுக்குப் போய்ச் செய்தால் உண்டா, ஒரே நேரத்தில் இரண்டு தெரபிஸ்ட் இருந்தால் பில் ஒன்றா இரண்டா? ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டமான என்.டி.ஐ.எஸ். தெரபிக்கான உச்சவரம்புக் கட்டணத்தை அச்சிட்டே வெளியிடுகிறது. அங்கேயும் தெரபிஸ்டுகள் சண்டை போடுகிறார்கள்தான். எதற்கு என்று தெரிந்து போடுகிறார்கள்.

இப்படிக்கு,
உதடுவரை மட்டும் பொறுப்புள்ள,
தங்கள் உண்மையுள்ள தெரபிஸ்ட்.

இணைப்பு: பில் – 1. (சீல் எங்கே வைப்பது என்ற விதி கிடைக்காததால் நான்கு மூலையிலும் வைத்திருக்கிறேன்.)