பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் பாக்டீரியா

கேள்வி: உணவில் கலந்துவிட்ட பிளாஸ்டிசைசரைத் தயிர் பாக்டீரியா நீக்குமா?

பதில்: ஆய்வகக் குடுவையில் ஓரளவு நீக்கும், சாப்பாட்டுத் தட்டில் அது இன்னும் உறுதியாகவில்லை. விறைப்பான பிவிசி பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர்களான தாலேட்டுகள் அதனுடன் வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. அதனால்தான் கசிகின்றன, கொழுப்பில் கரைபவை என்பதால் எண்ணெய், நெய், பாலாடைக்கட்டி போன்றவற்றில் விரைந்து குடியேறுகின்றன. டிஇஎச்பி என்ற தாலேட் ஆண் எலிகளின் இனப்பெருக்க வளர்ச்சியைக் கெடுப்பது சோதனைகளில் தெரிந்தது. லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில வகைகள் தாலேட்டுகளைத் தம் செல்சுவரில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. பிஸ்பீனால்-ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் வேதிப்பொருள் விஷயத்தில் செத்த பாக்டீரியாகூட இந்த வேலையைச் செய்கிறது! ஆக, நடப்பது பெரும்பாலும் ஒட்டுதல்தான், செரிமானம் அல்ல. ஒட்டியது மீண்டும் விடுபடவும் கூடும். எந்த வகை, எவ்வளவு நேரம், என்ன அமிலத்தன்மை என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

தைவானில் 2011இல் பானங்களுக்குக் கலங்கல் தோற்றம் தர, பாமாயிலுக்குப் பதில் மலிவான டிஇஎச்பியைக் கலந்தார்கள். அந்த மோசடி முதலில் பிடிபட்டதே ஒரு புரோபயாட்டிக் (நன்மை தரும் பாக்டீரியா) பொடியைச் சோதித்தபோதுதான். காவலுக்கு வந்தவரையும் சோதித்தே உள்ளே விடவேண்டும். பாக்டீரியாவை நம்பியிராமல், சூடான, எண்ணெய்ப்பசை உள்ள உணவைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள்.