பொற்சித்தி ஆராய்ச்சி

நியூ ஜெர்சிப் பக்கம் மார்ச் கடைசியில், ஓர் இலைகூட விடுமுன்னே, விளாறு விளாறாக மஞ்சள் பூத்து நிற்கும் புதரை ஃபோர்சித்தியா என்பர். இதுபற்றி இதுவரை வந்த ஆய்வுகள் யாவும் பிழை. யாம் அவற்றைப் படிக்கவில்லை.

முதற்கண் பெயர். பொன் + சித்தி = பொற்சித்தி; அதுவே திரிந்தது. இதில் ஐயமில்லை. அந்தச் சித்தி யார் என்பதில்தான் வழக்கு. 'பேறு' என்பது ஒரு கட்சி. 'அம்மாவின் தங்கை' என்பது மறுகட்சி. பின்னதற்கே சான்று வலிது: மஞ்சள் புடவை, யாரும் தயாராகுமுன் வந்து நிற்றல், இரண்டு மூன்று வாரத்தில் கிளம்பிவிடுதல். (விரிவுக்கு, யாம் எழுதவிருக்கும் நூலின் ஏழாம் தொகுதி காண்க. முதல் ஆறும் அதன் பிழைதிருத்தம். எட்டாவது, பிழைதிருத்தத்துக்கு வந்த மறுப்புக்கு மறுப்பு. ஒரே படிதான் உண்டு, அதைக் கரையான் மேற்கோள் காட்டிவிட்டது.)

வெறும் தகவலை நம்புவோர் வேறு கதை சொல்வர். வில்லியம் ஃபோர்சித் லண்டன் கென்சிங்டன் அரண்மனையின் தலைமைத் தோட்டக்காரர், 1804-இல் காலமானார். மார்ட்டின் வால் என்ற தாவரவியலாளர் செடிக்கு அவர் பெயரைச் சூட்டியதும் அதே ஆண்டு. கிழக்காசியச் செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அவருக்கு வாழ்நாளில் பேர் வாங்கித் தந்தது பூவன்று, சாணி. மாட்டுச் சாணம், பழைய சுண்ணாம்புக் காரை, விறகுச் சாம்பல், கொஞ்சம் மணல். குழைக்க மூத்திரமும் சோப்புத் தண்ணீரும். பூசினால் மரத்தின் புண் ஆறும் என்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,500 பவுண்டு கொடுத்தது. ஆய்வுநிதி அன்றுமுதல் பெரும்பாலும் இதே சரக்குக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

குடும்பம்: மல்லிகைக்குப் பங்காளி. பாகப்பிரிவினையில் மணம் அங்கே போய்விட்டது.

மண்: தண்ணீர் தேங்காத எதுவும். வெயில் வேண்டும்.

இனி, கத்தரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அக்டோபர் சனிக்கிழமை, மின்கத்தரியால் தம் புதரைப் பெட்டிபோல் சீவினார். வசந்தத்தில் மேலெல்லாம் வெறுங்குச்சி. அடியில், கத்தரி எட்டாத ஒரு கிளையில் மட்டும் பதினொரு பூ, குனிந்து எண்ணினோம். காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. வரும் ஆண்டின் மொட்டு முந்தைய கோடையிலேயே தண்டில் கட்டிவிடும். அதற்குப்பின் வெட்டுவது மொட்டு + ஐ, அதாவது மொட்டை, அடித்தல். இரண்டாம் வேற்றுமை. தொல்காப்பியரும் மறுக்கமாட்டார், மறுத்ததாகத் தகவல் இல்லை. பூ உதிர்ந்த கையோடு, கிழத்தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுப்பதே முறை.

ஏப்ரலில், இருந்த பதினொன்றும் உதிர்ந்த அன்று, அவர் வேலியருகே வந்து, "எப்பங்க வெட்டணும்?" என்றார். யாம் இரண்டாம் வேற்றுமையிலிருந்து தொடங்கினோம். முடித்தபோது அக்டோபர்.