அகழியும் மண்டியும்: இருசுவர்க் காப்பிக் குடுவை குறித்து ஓர் ஆய்வு

காப்பிப்பொடியையும் கொதிநீரையும் ஒரே உருளைக்குள் ஊறவிட்டு, சில நிமிடங்கள் கழித்து வலைத்தட்டு பொருத்திய தண்டு ஒன்றை மேலிருந்து அழுத்திப் பொடியை அடியில் சிறைவைத்து, மேலே நிற்கும் சாற்றை மட்டும் ஊற்றிக்கொள்ள உதவும் ஏனம் இன்றைய கடைவழக்கில் ‘ஃபிரெஞ்சு பிரஸ்’ எனப்படுகிறது. அதன் சுவர் இரண்டாகி, இரண்டுக்கும் நடுவில் சூடு எளிதில் கடக்க முடியாத இடைவெளி விடப்பட்டிருந்தால் அதுவே இவ்வாய்வின் பொருளாகிய இருசுவர்க் குடுவை. வீட்டுக்கும் வெளியிடத்துக்கும் இது ஒன்றே போதுமா என்னும் வினா கேரளக் கடற்கரை ஊராகிய விழிஞ்ஞம் போன்ற ஊரில் எழும்போது, அது பாத்திரக்கடைக் கேள்வியாக நில்லாமல் அரணியல் கேள்வியாகவே மாறிவிடுகிறது.

முதலில் பெயர். தண்டும் தட்டும் கொண்ட இவ்வமைப்புக்கு மேயர், டெல்ஃபோர்ஜ் என்னும் இருவர் 1852இல் பிரான்சில் காப்புரிமை பெற்றனர். 1929இல் கலிமானி, மொனேத்தா என்னும் இத்தாலியர் இருவர் அதைத் திருத்திப் பதிந்தனர். இன்று நாம் காணும் வடிவத்துக்கு மிக நெருங்கியதை 1958இல் பதிந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொந்தானினி. அந்தக் குடுவை பின்னர் பிரான்சில் ஒரு கிளாரினெட் தொழிற்சாலையில் உருவானது என்பர்; நாகஸ்வரப் பட்டறையில் டபரா அடித்ததற்கு ஒப்பான இச்செய்தி இசையாய்வாளர்க்கு உரியது. ஆகவே ‘ஃபிரெஞ்சு’ என்பதில் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சீமையெண்ணெய், சீமை ஓடு என்று எந்தச் சீமை எனக் கேட்காமலே நம் முன்னோர் ஒட்டிய அடைமொழியின் இனத்தைச் சேர்ந்தது அது. அடியில் தங்கும் ஊறிய பொடியைத் தமிழில் ‘சக்கை’ என்பதே இயல்பெனினும், விழிஞ்ஞத்துச் சமையலறையில் சக்கை என்று கேட்டால் பலாப்பழம் வந்து நிற்கும் ஆதலின், இக்கட்டுரை அதனை ‘மண்டி’ என்றே வழங்கும்.

இனி அரண். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ராஜராஜனின் படைத்தலைவன் விழிஞ்ஞத்தைக் கைப்பற்றியதைக் கூறுமிடத்தில், கடலையே அகழியாக உடைய கோட்டை என்று இவ்வூரைச் சிறப்பிக்கின்றன. இருசுவர்க் குடுவையும் அதே இலக்கணம் உடையது. வேறுபாடு ஒன்றுதான், அதன் அகழியில் நீர் இல்லை, காற்றுகூட இல்லை. 1892இல் ஜேம்ஸ் டூவர் என்னும் அறிவியலாளர் மிகக் குளிர்ந்த நீர்மங்களைக் காப்பதற்காக, இரு கண்ணாடிச் சுவர்களுக்கு இடையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தார். சூடு ஒரு பொருளைத் தொட்டுக் கடக்கவோ, காற்றில் ஏறிப் போகவோ அங்கே ஊர்தி எதுவும் இல்லாமற் போயிற்று. கதிராகப் பாயும் சூட்டை வெள்ளிப்பூச்சு திருப்பி அனுப்பிற்று. டூவர் காப்புரிமை பெறவில்லை. 1904இல் ஜெர்மானியர் அதற்குத் ‘தெர்மாஸ்’ என்று பெயரிட்டு விற்றனர். 1913இல் வில்லியம் ஸ்டேன்லி கண்ணாடிக்குப் பதில் எஃகை வைத்தார். பிளாஸ்க் உடைந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் அவருக்குக் கடமைப்பட்டவை.

ஆனால் ‘இருசுவர்’ என்று பெட்டியில் அச்சிட்டவை எல்லாம் வெற்றிடம் உடையவை அல்ல. பலவற்றில் நடுவில் இருப்பது வெறும் காற்றுதான். இதனை அறியச் செப்பேடு வேண்டா. குடுவையில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்துப் புறச்சுவரின் இடைப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம்: வெதுவெதுப்பு தெரிந்தால் அகழி தூர்ந்துபோனது, கடையில் நின்றதுபோலவே சில்லென்று இருந்தால் அகழி மெய். மேல் விளிம்பில் வைத்துப் பார்ப்பது பிழையான சோதனை. இரு சுவர்களும் அங்கே ஒன்றோடொன்று பற்றவைக்கப்படுவதால் எந்தக் குடுவையும் அவ்விடத்தில் சுடும். எந்தக் கோட்டைக்கும் வாயில்தான் நலிந்த இடம் என்பதற்கேற்ப, இக்குடுவையின் மூடியும் தண்டு நுழையும் துளையும் ஊற்றும் மூக்கும் சூட்டை ஒழுகவிடுகின்றன. இதனால் அழுத்துக் குடுவை, எத்துணை நல்ல சுவர் உடையதாயினும், திருகுமூடி போட்ட பிளாஸ்க்குக்கு ஈடாவதில்லை.

இதுகாறும் கூறியது புறப்பகை. திருக்குறளில் அரண் 75ஆம் அதிகாரம், உட்பகை 89ஆம் அதிகாரம். குடுவை விற்போர் முன்னதைக் கற்றுப் பின்னதற்கு வந்து சேராதவர்கள். கொதிநீர் பட்டதும் பொடியிலிருந்து புளிப்பும் இனிப்பும் முந்திக் கரைகின்றன. கசப்பும் துவர்ப்பும் மெல்லப் பின்தொடர்கின்றன. லிட்டருக்கு 60 கிராம் பொடி, ஏறத்தாழ 95 டிகிரி நீர், நான்கு நிமிடம் என்னும் பரவலான கணக்கு, முந்தியவை வந்து பிந்தியவை வாயிலைத் தட்டும் நேரத்தில் கதவைச் சாத்துவதற்காக வகுக்கப்பட்டது. தட்டை அழுத்தியவுடன் கதவு சாத்தியாயிற்று என்று நம்புவது பேதைமை: வலைக்குக் கீழே மண்டி நீரில்தான் கிடக்கிறது, ஊறுதல் மெதுவாகிறதே ஒழிய நிற்பதில்லை. ஒருசுவர்க் கண்ணாடிக் குடுவையில் சூடு தணிவதால் இந்தக் கேடும் தணிகிறது. இருசுவர்க் குடுவையிலோ, காப்பியைக் காக்கும் அதே அகழி மண்டியையும் கண்ணுங்கருத்துமாகக் காத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சூடு குறையாத கஷாயத்தைத் தருகிறது.

அப்படியாயின் இரட்டைச் சுவரால் பயனே இல்லையா எனில், உண்டு. அது வாங்குவோர் எண்ணும் இடத்தில் இல்லை. அதன் மெய்யான தொண்டு அந்த முதல் நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கண்ணாடிக் குடுவையில் ஊறும்போதே நீர் பல டிகிரி இறங்கிவிட, வெற்றிடக் குடுவையில் ஊறலின் தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிகழ்ந்து காப்பி நிறைவாக இறங்குகிறது. 1,100 மீட்டர் உயரத்துப் பொன்முடி மலையில், நீர் கடற்கரையைவிட மூன்று நான்கு டிகிரி குறைவிலேயே கொதித்துவிடுவதாலும் மூடுபனி சுற்றி நிற்பதாலும், இத்தொண்டு இன்னும் அருமையானது. எனினும் உட்சுவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும்: 30 டிகிரியில் இருக்கும் 150 கிராம் எஃகு, அரை லிட்டர் நீரின் சூட்டை ஊற்றிய மாத்திரத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். ஆகவே முதலில் சிறிது வெந்நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுவது நன்று.

பொடி பற்றி ஒரு சொல். நம் பித்தளை ஃபில்டருக்கு அரைத்த, சிக்கரி கலந்த நைசான தூளை இதில் இட்டால், அது வலையின் கண்களை அடைத்துக்கொள்ள, தண்டு இறங்க மறுக்கும். மறுத்ததை உடல்பலத்தால் வென்றவர் சட்டையில் அந்த வெற்றியின் கல்வெட்டு நிலைத்துவிடும். அரைக்கும் கடையில் ‘சிக்கரி வேண்டாம், ரவை பதத்தில்’ என்று சொன்னால் போதும், கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அரைத்துத் தருவார். இதில் இறங்குவது டிகாக்‌ஷன் அன்று என்பதும் நினைவில் நிற்க வேண்டும். டிகாக்‌ஷனுக்கு ஊற்றும் அளவு பாலை இதற்கு ஊற்றினால் கிடைப்பது காப்பி நினைவுள்ள பால். கொள்ளளவிலும் ஒரு மயக்கம் உண்டு: ‘எட்டு கப்’ என்று பெட்டி கூறும் குடுவை பெரும்பாலும் ஒரு லிட்டர்தான், அந்தக் கப்பில் நம்மவர் இருமலுக்கு மருந்து குடிப்பர். இருவருக்கு அரை லிட்டர் சரி.

எஞ்சியது களம். விழிஞ்ஞத்து மீன்பிடித் துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கற்சுவருக்கு உள்ளூர்ப் பெயர் ‘புலிமுட்டு’. புலி இதில் எங்கே வந்தது என்பதை மொழிநூலார்க்கு விட்டுவிடலாம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பகல் சாயும் வேளை. அவ்வேளையில் அங்கே வீசும் காற்று ஒருசுவர்க் குடுவையின் சூட்டை வீட்டில் இழப்பதைவிட மிக விரைவாக வாரிக்கொண்டு போக, நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் குடிப்பவரிடத்தே தோன்றும். இங்கே எஃகு இன்றியமையாதது, கண்ணாடிக்குப் பாறைமேல் எதிர்காலம் இல்லை. குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு கொண்ட எஃகே ஆயினும் உப்புக்காற்றில் நாள்கணக்காகக் கழுவாமல் விட்டால் வலையின் விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் விழும். நன்னீரில் அலசி, தட்டைக் கழற்றித் துடைக்க வேண்டும். மணல் போட்டுத் தேய்ப்பது நம் பழைய நல்வழக்கம்தான், ஆனால் அது வெண்கலப் பானைக்கு. குடுவையைப் பையில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று எண்ணுவோர் அதன் மூக்கை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நலம்.

எனவே இருசுவர்க் குடுவை வாங்குவோர், கூடவே பழைய பிளாஸ்க் ஒன்றையும் வைத்துக்கொண்டு, நான்காம் நிமிடத்தில் சாற்றை முழுதும் அதற்கு மாற்றிவிட வேண்டும். மாற்ற மனமில்லாதோர் அங்கேயே குடித்து முடித்துவிட வேண்டும். இம்முடிபு புதியதன்று. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் விழிஞ்ஞமும் ஒரே ஆட்சியில் இருந்த காலந்தொட்டு, கருப்பட்டி இட்ட, பாலில்லாத கட்டன் காப்பி இன்றைய மாநில எல்லையின் இரு பக்கத்துக்கும் பொது. வள்ளம் இறக்கக் கிளம்புவோர் வீட்டில் அது அடுப்பிலேயே கொதித்து, துணியில் வடிந்து, பிளாஸ்க்கில் அடைபட்டுத் திருகுமூடியோடு கடலுக்குப் போகிறது. மண்டி கொல்லைப்புற வாழையடியில் கிடக்கிறது.