பைக்குள் பை

நீலகிரி மலை ரயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிடுவது என்ற திட சங்கல்பத்துடன்தான் இன்று காலை மேஜை முன் உட்கார்ந்தேன். உதகையிலிருந்து திரும்பிய களைப்பு முழுவதும் நீங்கவில்லை. சட்டைகளில் யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. என் இடது தோளில் ஒரு பையின் வார் அழுந்திய தடம், வைத்தியரிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கத்தக்க நிலையில் இருக்கிறது. ஆகவே, மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 208 வளைவுகளையும் 250 பாலங்களையும் 16 குகைகளையும் தாண்டி, கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் சென்றடைகிற அந்த அவசரமில்லாத வாகனத்தைப் பற்றி, நினைவு பசுமையாக இருக்கும்போதே விஸ்தாரமாக எழுதிவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் ரயிலைப் பற்றி எழுதப் புகுகிறவன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? எங்கள் பெட்டியில் ஜன்னல் ஓரத்தில் என் மகளின் பைகள் உட்கார்ந்திருந்தன. ஆதலால் பைகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு ரயிலுக்கு வருகிறேன்.

என் மகள் சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் படிப்பதை நான் அதிகமாகப் பார்த்ததில்லை; கல்லூரியிலிருந்து எதையாவது சுமந்துகொண்டு வருவதைத்தான் பார்க்கிறேன். ஜனவரி பிறந்தால் ஐ.ஐ.டி.யில் சாஸ்த்ரா, சாரங். இன்னொரு பக்கம் கிண்டியில் குருக்ஷேத்ரா. இவை போதாவென்று, ஊரில் உள்ள கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒரு சிம்போசியம், ஒரு கல்ச்சுரல்ஸ், ஒரு ஹேக்கத்தான். பாரதப் போரில் குருக்ஷேத்திரத்துக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சொற்பம். என் மகளோ அங்கிருந்து ஒரு டி-ஷர்ட்டாவது இல்லாமல் திரும்பியது கிடையாது. இந்த வகையறாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் திருநாமம் 'கூடீஸ்'. கழுத்தில் மாட்டும் நாடா, லேப்டாப்பின் முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர், நாலு பக்கம் எழுதினால் ஐந்தாம் பக்கம் தானே உதிரும் நோட்டு, மூடி ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமான பேனா, ஷாம்பூ சாஷே, மனித நாக்கு இதற்குமுன் அறியாத ருசியில் ஒரு பானம் — இவற்றை அடைவதற்காக அவளும் அவள் தோழிமாரும் வெயிலில் வரிசையில் நின்று, ஸ்டாலில் வைத்திருக்கும் சக்கரத்தைச் சுழற்றி, ஏதோ ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அப்பாவின் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதன் பலனாக, தனி நபர் கடன் வேண்டுமா என்று என்னை அன்போடு விசாரிக்கும் குரல் ஒலிக்காத பகல் பொழுதே இப்போது கிடையாது.

இளைஞர்களை மட்டும் குறை சொல்வது தர்மமாகாது. நாங்கள் சிறுவர்களாக இருந்த நாளில் பினாகா பற்பசை வாங்கினால் டப்பாவுக்குள் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மிருகம் ஒன்று இருக்கும். அந்த மிருகத்துக்காக, ட்யூபில் பாதிப் பசை பாக்கி இருக்கும்போதே அதைப் பிதுக்கிச் சாக்கடையில் விட்ட உத்தமர்களெல்லாம் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டு, நகைக் கடையில் காலண்டர் கொடுக்கவில்லையென்று மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஆனால் பை என்பது வேறு விஷயம். மற்ற இனாம்கள் உடையும், உலரும், தொலையும். பைக்கு மரணம் கிடையாது. எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி. அதில் ஒரு பை. அந்தப் பைக்குள் பைகள். உங்கள் வீட்டிலும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும் ஆதலால் வர்ணனை வேண்டாம். தாம்பூலப் பை, கிரகப்பிரவேசப் பை, அறுபதாம் கல்யாணப் பை, ஜவுளிக் கடைக் கட்டைப் பை, மருந்து வியாபாரிகள் மாநாட்டில் என் மைத்துனன் வாங்கி வந்த ஜிப் வைத்த பை என்று அவற்றில் பல வர்க்கம். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பித்தபோது, "நம்ம வீட்டை விட்டு அது எப்போ போச்சு, மீண்டும் வர்றதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

இவற்றில் எதை எங்கே எடுத்துப் போவது என்பது ஒரு தனி சாஸ்திரம். ஒரு ஜவுளிக் கடைக்குள் எதிர்க் கடையின் பையோடு நுழையலாகாது. நுழைந்தால் வாசலில் அதை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறவரின் முகத்திலேயே அலட்சியம் தெரியும். கிரகப்பிரவேசப் பையோடு வாடகை வீட்டுக்காரரைப் பார்க்கப் போனால், சொந்த வீடு கட்டிவிட்டீர்களாமே என்று வாடகையை ஏற்றிவிடுவார். துக்கம் கேட்கப் போன வீட்டில் 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்த பையை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். அந்த வீட்டார் அவரோடு இன்று வரை பேசுவதில்லை.

தாம்பூலப் பையின் சங்கடம் இதைவிடப் பெரிது. இப்போதெல்லாம் மணமக்கள் பெயரை ஓர் இதயத்துக்குள் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு தம்பதி, தலை தீபாவளி வருவதற்குள் மனஸ்தாபப்பட்டு, பிற்பாடு கோர்ட்டு மூலமாகவே பிரிந்துபோனார்கள். அவர்களுடைய பை மட்டும் ஒரு தையல்கூடப் பிரியாமல் எங்கள் வீட்டுக்கு வாரந்தோறும் காய்கறி சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் மார்க்கெட்டில் அந்தப் பையனின் தாயார் எதிரே வந்துவிட்டார். சட்டென்று பையைத் திருப்பிப் பிடித்தேன். மறு பக்கத்திலும் அதே இதயம். வேறு வழியின்றிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முருங்கைக்காய்கள் முகவாயில் இடிக்க இடிக்க, மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று நெடுநேரம் குசலம் விசாரித்தேன். அந்த அம்மாளும் ஏனோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். விடைபெற்றுத் திரும்பி நடந்தபோதுதான் பார்த்தேன்: அவர் கையில் இருந்ததும் அதே பை.

இத்தகைய வீட்டுக்குள்தான் என் மகளின் கல்லூரிப் பைகள் பிரவேசித்தன. கித்தான் துணி, தோளில் மாட்டும் நீண்ட வார், மேலே ஏதாவதொரு கம்பெனியின் வீர வசனம். மனித குலத்தின் சிந்தனையையே மாற்றப் போவதாகச் சபதம் செய்யும் ஒரு பையில் என் மனைவி இட்லி மாவு வாங்கி வருகிறாள். அவற்றில் ஒரு கட்டை மடித்து, இன்னொரு பைக்குள் வைத்து, உதகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள் என் மகள். காலிப் பைகள் எதற்கு என்று கேட்டதற்கு, "வர்றப்போ தேவைப்படும்பா" என்றாள்.

தேவை என்னவென்று பிற்பாடு விளங்கிற்று. கோடையில் உதகைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவள் அவளே. மே மாத மலர்க் கண்காட்சி, 1848ல் ஏற்பட்ட தாவரவியல் பூங்கா, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா — இவற்றின் மேல் இந்தக் குழந்தைக்கு ஆசை பிறந்ததே என்று நானும் உள்ளம் குளிர்ந்தேன். அவளுடைய ஆசையோ ஹாட் வீல்ஸ் என்னும் பொம்மைக் கார்களின் மேல் இருந்தது. 1968 முதல் விற்பனைக்கு வரும் சரக்கு அது. பெரும்பாலும் அசல் காரில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. 1995 முதல் அந்தக் கம்பெனி சில கார்களுக்கு 'ட்ரெஷர் ஹண்ட்' என்று பெயரிட்டு, மற்றக் கார்களோடு கலந்து அனுப்பிவிடுகிறது. வண்டியின் உடம்பில் எங்கேயோ கடுகளவில் ஒரு தீச்சுடர்ச் சின்னம் ஒளிந்திருக்கும். 'சூப்பர்' என்ற மேல் ஜாதிக்கு ரப்பர் டயரும் பளபளப்பான வர்ணமும் உண்டு. இவற்றைக் கடை கடையாக ஏறித் துழாவுவதை ஹண்டிங் என்கிறார்கள். சென்னையில் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நின்று நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். "மலை மேல எந்த ஹண்டரும் ஏற மாட்டான்பா. பெக்ல எல்லாம் அப்படியே தொங்கும்" என்பது அவளுடைய சித்தாந்தம். ஒரு குடும்பம் முழுவதும் இந்தச் சித்தாந்தத்தை நம்பி 2,200 மீட்டர் உயரம் ஏறியது.

கல்லாறுக்கு அப்பால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிற இடம் அந்தப் பாதையிலேயே மிகவும் விசேஷமானது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் குன்னூர் வரை ஏறுகிறது. "அதோ பாரும்மா" என்றேன். அவள் குன்னூர்க் கடைகளின் படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாவது பார்க்கலாமென்று பைகளுக்கு மேலாக எட்டியபோது, நீலகிரியில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை என்ற காரணத்தால் அவள் பெருமையோடு எடுத்து வந்திருந்த இனாம் ஸ்டீல் பாட்டில், மூடி கழன்று என் வேஷ்டியின் மேல் சாய்ந்தது. நாளைய உலகை வடிவமைக்கிறோம் என்று அதன் மேல் பொறித்திருந்தார்கள். மூடியை முதலில் வடிவமைத்திருக்கலாம். அந்தக் குளிரில் நனைந்த வேஷ்டியோடு மலை ரயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு இயற்கைக் காட்சியில் மனம் லயிக்காது.

உதகையில் நாங்கள் பார்த்தவை: சேரிங் கிராஸ் பக்கத்துப் பொம்மைக் கடைகள், கமர்ஷியல் ரோட்டுப் பொம்மைக் கடைகள். பூங்காவின் வாசலைப் பார்த்தோம். தொட்டபெட்டா இருக்கும் திசையை ஓட்டல் பையன் காட்டினான்.

இந்த வேட்டையில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவர் என் மாமியார். ஒரு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிற அதே கண்டிப்போடு, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேத்தி அடுத்த கடைக்குப் போயிருந்தாள். "மாப்பிள்ளை, இதிலே ஏதோ விளக்கு மாதிரி போட்டிருக்கே" என்று அவர் ஓர் அட்டையை உயர்த்திக் காட்டியதுதான் தாமதம், பக்கத்தில் குந்தியிருந்த கோயம்புத்தூர்ப் பிள்ளையாண்டான் ஒருவன் எழுந்துவிட்டான்.

"பாட்டி, அதை எனக்குத் தந்துருங்களேன்."

"எதுக்குத் தரணும்?" என்றவர், முறையாகப் பணம் கட்டிப் பில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவனும் பின்னாலேயே வந்தான். "சரி தம்பி, எவ்வளவு கொடுப்பே?"

ஐந்நூறில் ஆரம்பித்து எண்ணூறில் முடிந்தது. என் இரண்டு கைகளிலும் பைகள்; பற்களிடையே பில். பேசக்கூடிய நிலையில் நான் இல்லை.

இரவு ஓட்டல் அறையில், வங்கிக் கிளை ஒன்று கல்லூரியில் ஸ்டால் போட்டு விநியோகித்த மணிபர்ஸிலிருந்து ரூபாயை எடுத்து மாமியார் பேத்தியின் கையில் வைத்தார்.

"ஐயோ பாட்டி! அது டி.ஹெச்.!"

"எந்த டீயா இருந்தா என்னடி? நூத்தியெண்பது ரூபாய்ச் சாமான் எண்ணூறுக்குப் போயிருக்கு. உங்க தாத்தா கடை வெச்சிருந்த காலத்திலே ஒரு நாளாவது இப்படி லாபம் பார்த்திருப்பாரா?"

அதன்பின் மலையிறங்கும் வரை எங்கள் குடும்பத்தில் சம்பாஷணையே இல்லை. தீச்சுடர் இல்லாத சாதாரணக் கார்கள் மட்டும், கொண்டுபோன காலிப் பைகள் அத்தனையையும் நிரப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தன. அவற்றை அட்டையிலிருந்து பிரிக்கக் கூடாதாம். பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். நேற்று எதிர் வீட்டுக் குழந்தை, நாலு வயதுப் பையன், வந்து அலமாரி முன்னால் நின்று ஒன்றே ஒன்றைத் தரச்சொல்லிக் கையை நீட்டினான். என் மகள் அவனுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினாள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஓட்டக் கூடாத காரை வாங்கி, கிறுக்க முடியாத நோட்டையும் எழுதாத பேனாவையும் பக்கத்தில் அடுக்கி, குழந்தை தொடக் கூடாத பொம்மைக்குக் காவல் இருப்பதற்கு நாலாண்டுப் பொறியியல் படிப்பு எதற்கு?

இதைக் கேட்டுவிடுவதென்றுதான் இன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவளே எதிரே வந்து நின்றாள். அடுத்த மாதம் ஒரு ஹேக்கத்தானாம். பதிவுக் கட்டணம் ஐந்நூறு ரூபாயாம். இன்றே கடைசித் தேதியாம்.

"என்ன விஷயமா நடத்தறாங்க?" என்றேன்.

"அது இன்னும் சொல்லலப்பா. ஆனா இந்தத் தடவை ஹூடி ஃப்ரீ."

வெளியே கத்திரி வெயிலில் தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்தது. கம்பளிக் குல்லாயோடு கூடிய அந்த அங்கியைச் சென்னையில் எந்த மாதத்தில் போட்டுக்கொள்வாய் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள், "எனக்கும் ஒண்ணு கிடைக்குமாடி? கார்த்தாலே பால் வாங்கப் போறச்சே காதுக்கு இதமா இருக்கும்" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"டீமுக்கு நாலு பேர் பாட்டி. ஒரு இடம் காலி இருக்கு" என்றாள் என் மகள்.

ஆயிரமாக அனுப்பினேன்.