அமுக்கினால் சத்தம் ஏறுமா?

கே: பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு கம்ப்ரஸர் பெடல் கட்டாயமா? (திருச்சி)

ப: இல்லை. 1960-களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்ததை உலகம் இன்னும் காப்பியடித்துக்கொண்டிருக்கிறது. அவர் காலடியில் பெடல் இல்லை. டேப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமுக்கியிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த விரலை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

கே: அப்படியானால் அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? (தஞ்சாவூர்)

ப: எகிறுகிறவனைத் தோளில் கைவைத்து உட்கார வைக்கிறது. த்ரெஷோல்ட் என்று ஒரு கோடு போடுகிறீர்கள். அதற்குள் அடங்கிய சத்தத்தை அது தொடாது. ரேஷியோ 4:1 என்றால், கோட்டைத் தாண்டி 8 டெசிபல் போன சத்தம் 2 டெசிபல் மட்டும் தாண்டியதாக வெளியே வரும். உச்சி இப்படித் தணிந்ததும் மொத்தத்தையும் லெவல் குமிழால் தூக்கிவிடலாம். மெல்லத் தொட்ட ஸ்வரமும் டிரம்ஸ் நடுவே தொலையாமல் கேட்கும்.

கே: போன வாரம்தான் பெடல் வாங்கினேன். ஆன் செய்ததுமே தொனி பிரமாதம்! (கோவை)

ப: வாழ்த்துகள். லெவல் குமிழ் எங்கே நிற்கிறது? நம் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே தொனியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் ‘ஆஹா, இதுதான் நல்லது’ என்று சாதிக்கும். பெடலை ஆன் செய்யும்போது சத்தமும் 2 டெசிபல் கூடிவிட்டால், நீங்கள் ரசிப்பது கம்ப்ரஸரை அல்ல, வால்யூமை. அதற்கு ஆம்ப்பிலேயே குமிழ் இருக்கிறது, இலவசமாக.

ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் ஒன்றாகக் கேட்கும்வரை லெவலை இறக்குங்கள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். நண்பர் தன் இஷ்டத்துக்குப் பெடலை மிதிக்கட்டும். எப்போது ஆன் என்று உங்களால் சொல்ல முடிந்து, அப்போதும் அதுவே பிடித்திருந்தால் காசு வீண் இல்லை. பெடல் கடைகளில் இந்தச் சோதனையை யாரும் செய்துகாட்டுவதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கே: எனக்கு நேர்மாறு. ஆன் செய்தாலும் வித்தியாசமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (நாகர்கோவில்)

ப: இரண்டில் ஒன்று. மிகச் சரியாக வைத்திருக்கிறீர்கள். அல்லது உங்கள் சத்தம் த்ரெஷோல்டை எட்டவே இல்லை. எம்எக்ஸ்ஆர் எம்87, பாஸ் பிசி-1எக்ஸ் போன்றவற்றில் எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் விளக்கு வரிசை இருக்கிறது. மெல்ல வாசித்தால் விளக்கு அசையக் கூடாது. ஓங்கி அடித்தால் 3 முதல் 6 டெசிபல் வரை காட்டினால் போதும். எப்போதும் முழு வரிசையும் எரிகிறதென்றால் அது வேலை செய்யவில்லை, கழுத்தை நெரிக்கிறது.

கே: மேல் தந்திகள் சுத்தமாக இருக்கின்றன. ஈ தந்தியில் மட்டும் கரகரப்பு. பெடல் கெட்டுவிட்டதா? (மதுரை)

ப: பெடல் கெடவில்லை, ரிலீஸ், அதாவது அமுக்கிய பிடியை விட எடுக்கும் நேரம், அவசரப்படுகிறது. பேஸின் திறந்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதாவது ஓர் அலை முடிய 24 மில்லி நொடி. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி என்றால் 32. அமுக்கிய பிடியை அதற்குள்ளேயே விட்டுவிடும்படி ரிலீஸை வைத்தால், கம்ப்ரஸர் ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அலையையும் துரத்த ஆரம்பிக்கிறது. அலையின் வடிவமே கோணுகிறது, அதுதான் கரகரப்பு. கிட்டாருக்கென்று செய்த கம்ப்ரஸரை வாங்கி பேஸில் மாட்டுகிறவர்கள் அடிக்கடி சிக்குவது இங்கேதான். ரிலீஸை 100 மில்லி நொடிக்கு மேல் கொண்டுபோங்கள். அட்டாக்கும், அதாவது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரமும், உச்ச வேகத்தில் இருந்தால் அதையும் தளர்த்துங்கள்.

குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 1960-களின் கடைசியில் வந்த புகழ்பெற்ற ஸ்டுடியோ கம்ப்ரஸர் 1176-இல் வலப்பக்கம் திருப்பத் திருப்ப அட்டாக்கும் ரிலீஸும் வேகமாகும். ‘வலப்பக்கம் போனால் நேரம் கூடும்’ என்று நினைத்துத் திருப்பியவர்கள் ஏராளம்.

கே: ஸ்லாப் வாசிக்கும்போது ‘டப்’ என்ற அந்த அடி காணாமல் போகிறது. (சேலம்)

ப: அட்டாக் வேகம் அதிகம். 30, 40 மில்லி நொடி கொடுத்தால் கட்டைவிரல் அடி தப்பித்துப் போன பிறகுதான் கம்ப்ரஸர் கதவைச் சாத்தும். பெடலில் பிளெண்ட் குமிழ் இருந்தால் அமுக்காத ஒலியையும் பாதி கலந்துவிடுங்கள்.

கே: ஓவர்டிரைவுக்கு முன்னாலா, பின்னாலா? (ஈரோடு)

ப: முன்னால். ஓவர்டிரைவே நன்றாக அமுக்கும். பின்னால் வைத்தால் அதன் இரைச்சலைத்தான் தூக்கிக் கொடுப்பீர்கள். ஆட்டோ-வா மட்டும் விதிவிலக்கு. நீங்கள் ஓங்குவதையும் தணிவதையும் வைத்துத்தான் அது வாய் திறக்கும். அதைக் கம்ப்ரஸருக்கும் முன்னால் வையுங்கள்.

கே: எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் சவுண்ட் இன்ஜினியர் பெடலைக் கழற்றச் சொல்கிறார். பொறாமையா? (திருநெல்வேலி)

ப: கணக்கு. உங்கள் பெடலில் 4:1, அவர் மிக்ஸரில் இன்னொரு 4:1. இரண்டு கோட்டையும் தாண்டிய சத்தத்துக்கு ரேஷியோ பெருகி 16:1 ஆகிவிடும். அது கம்ப்ரஸர் அல்ல, சுவர். நீங்கள் 2:1-க்கு இறங்குங்கள். அவரையும் இறங்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் இறங்க மறுத்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். மக்கள் காதில் விழுவதை அவர்தான் கேட்கிறார், நீங்கள் அல்ல.

கே: பெடல் வந்த பிறகு என் வாசிப்பு சீராகிவிட்டது. ஆனால் மாஸ்டர் பாராட்டவே மாட்டேன் என்கிறார். (புதுச்சேரி)

ப: சீரானது வாசிப்பா, சத்தமா? தாளத்தில் முந்தியோ பிந்தியோ விழுந்த ஸ்வரத்தை எந்தக் கம்ப்ரஸரும் நகர்த்திவைக்காது. முன்பு மெல்ல விழுந்ததால் மறைந்துபோன தவறு இப்போது எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்கும். வீட்டுப் பயிற்சியைப் பெடல் இல்லாமலே செய்யுங்கள்.

கே: கீழ்வீட்டுக்காரர் பேஸ் சத்தம் தாங்கவில்லை என்கிறார். கம்ப்ரஸர் போட்டால் சமாதானம் ஆவாரா? (சென்னை)

ப: கூடுதலாகக் கோபப்படுவார். உச்சிச் சத்தம் குறையும். ஆனால் லெவலை ஏற்றியிருந்தால் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த நிம்மதியும் போய்விடும். ஹெட்ஃபோன் மலிவு.