தர்ம தரிசன வரிசையில் ஒரு கிட்னி

வரிசையில் நிற்பது எப்படி என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2019-இல், நாற்பது வருஷம் கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்த அத்திவரதரை 48 நாளில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். கைக்குழந்தையும் தண்ணீர் பாட்டிலுமாக வெயிலில் வெந்தவர்கள் ஒரு பக்கம். பாஸை நீட்டி நேரே பெருமாள் முன்னால் போய் உட்கார்ந்தவர்கள் மறுபக்கம். மதுரையிலிருந்து வந்த பிரபல ரவுடி ஒருவர்கூட வி.வி.ஐ.பி. வரிசையில் அமர்ந்து தரிசனம் செய்துவிட்டுப் போனார். பொது வரிசையில் வந்தவர்களில் சிலர் நெரிசலில் செத்தே போனார்கள். பெருமாள் யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பாஸ் அடித்துக் கொடுத்தவர்கள்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

அன்று அதைக் கண்டு கொதித்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கோபத்தை மிச்சம் வையுங்கள். பெருமாளைத் தவறவிட்டவர்கள் இன்னொரு நாற்பது வருஷம் காத்திருக்கலாம். கிட்னிக்கும் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் அப்படிக் காத்திருக்க முடியாது. அங்கேயும் தர்ம தரிசனம் உண்டு, சிறப்பு தரிசனம் உண்டு. கட்டண விவரத்தைப் போர்டில் எழுதி மாட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1960-களின் தொடக்கத்தில் டயாலிசிஸ் இயந்திரங்கள் கொஞ்சம், சிறுநீரகம் செயலிழந்து சாகக் கிடந்தவர்கள் ஏராளம். யாரைப் பிழைக்க விடுவது என்று முடிவெடுக்க ஏழு பேரை உட்கார வைத்தார்கள்: ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை மருத்துவர். வருமானம் என்ன, எத்தனை பிள்ளைகள், சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறாரா என்றெல்லாம் பார்த்து அவர்கள் மதிப்புப் போட்டார்கள். 1962-இல் ‘லைஃப்’ பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்ததும் உலகம் அதற்குக் ‘கடவுள் கமிட்டி’ என்று பெயர் வைத்துக் காறித் துப்பியது.

நம் ஊரில் அப்படி ஒரு கமிட்டி போட்டால் எப்படி இருக்கும்? காந்தி ரோடு பட்டுக்கடை முதலாளி தலைவர். கல்யாண மண்டப ஓனர், வட்டிக்கடைக்காரர், வட்டச் செயலாளர், மனை விற்பவர் எல்லாரும் உறுப்பினர்கள். “இவருக்குச் சொந்தத் தறியா, கூலித் தறியா? கூலியா? அடுத்த ஃபைலை எடுங்கள்.” அரை மணியில் வேலை முடிந்துவிடும், பிறகு டிபன். ஆனால் நமக்கு அந்த அவமானம் தேவையே இல்லை. நம்மிடம் கமிட்டியைவிடச் சுத்தமான ஒன்று இருக்கிறது: விதி. என்ன நடந்தாலும் விதிப்படிதான் நடக்கும்.

விதி நல்ல இடத்திலிருந்துதான் பிறந்தது. 2008 செப்டம்பரில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீஸ் சென்னைச் சாலைகளை ஒதுக்கிக் கொடுக்க, அவன் இதயம் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரே கண் கலங்கியது. அரசு ஆணைகள் போட்டது, பொதுப் பட்டியல் வந்தது, பிறகு ‘டிரான்ஸ்டான்’ என்ற உறுப்பு மாற்று ஆணையம் வந்தது. இந்தியாவே தமிழ்நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இதில் பாதிகூடப் பொய் இல்லை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு முதலில் எந்த மருத்துவமனைக்கு, அடுத்து யாருக்கு, கடைசியாக யாருக்கு என்று எல்லாவற்றுக்கும் வரிசை எழுதி வைத்திருக்கிறார்கள். உறுப்பு எந்த மருத்துவமனையில் கிடைத்ததோ, அங்கே காத்திருப்பவருக்கு முதல் பங்கு. ஒரு கிட்னி பொதுப் பட்டியலுக்கு.

அந்த முதல் பங்கு விதி 2017 அக்டோபரில் என்ன செய்தது என்று பாருங்கள். அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் ஒருவர் விபத்தில் தலையில் அடிபட்டுத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்து ஏர் ஆம்புலன்ஸில் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது. அதே மருத்துவமனையில் கல்லீரலுக்கும் கிட்னிக்கும் காத்திருந்தவர் சசிகலாவின் கணவர் ம. நடராசன், எழுபதைத் தாண்டியவர். உறுப்புகள் அவருக்குப் பொருத்தப்பட்டன. விமானத்துக்கு யார் பணம் கொடுத்தது, சாதாரணக் குடும்பத்துப் பையனை அரசு மருத்துவமனையிலிருந்து ஏன் நகர்த்தினார்கள் என்று ஊர் கேட்டது. எல்லாம் விதிப்படிதான் என்று பதில் வந்தது. உண்மைதான். விதியை யாரும் மீற வேண்டிய அவசியமே அங்கே வரவில்லை. பட்டியலில் முந்துவதற்கு லஞ்சம் கொடுத்தால் குற்றம். தானம் தருகிறவரே பட்டியல் இருக்கும் இடத்துக்குப் பறந்து வந்து சேர்ந்தால் அது தற்செயல்!

அடுத்த வருஷம் இன்னொரு தற்செயல். வெளிநாட்டவர் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும்; பொருத்தமான இந்தியர் யாரும் இல்லையென்றால் மட்டுமே அவர்களுக்கு உறுப்பு. விதி அப்படித்தான் சொல்கிறது. 2017-இல் தமிழ்நாட்டில் நடந்த இதய மாற்றுகளில் சுமார் 25 சதவீதமும், நுரையீரல் மாற்றுகளில் சுமார் 33 சதவீதமும் வெளிநாட்டவருக்குப் போயின என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இயக்குநரே 2018 ஜூனில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அதே சமயம் பாலக்காட்டு இளைஞர் ஒருவர் சேலத்துத் தனியார் மருத்துவமனையில் இறந்தபோது, பில் கட்ட முடியாத குடும்பத்திடம் கையெழுத்து வாங்கி உறுப்புகளை எடுத்ததாகப் புகார் வந்து, கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வருக்குக் கடிதமே எழுதினார். ஏழரைக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் இதயம் தேவைப்படும் தமிழன் கிடைக்கவில்லையா? கிடைப்பான். பட்டியலில்தான் கிடைக்க மாட்டான்.

ஏன் கிடைக்க மாட்டான்? ஒரு பேச்சுக்குப் பிள்ளையார்பாளையத்துக் கூலி நெசவாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிட்னி போய்விட்டது. டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் கூடாது, அழுத்தம் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். குழித்தறியில் கால் இரண்டும் மிதியில் இருக்கும், கை இரண்டும் நாடாவிலும் பலகையிலும் இருக்கும். கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள். ஒரு கை போனால் தறி நின்றது. நின்ற தறிக்குக் கூலி கிடையாது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊசியோடு படுத்துக் கிடக்க வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் கூலியும் போச்சு.

இவர் பட்டியலில் ஏற வேண்டுமானால் மாற்று சிகிச்சைக்கு அனுமதி பெற்ற மருத்துவமனை ஒன்று இவர் பெயரைப் பதிய வேண்டும். அதற்கு முன் இதயம், பல், தொற்று, திசுப் பொருத்தம் என்று பரிசோதனைகள், ஒவ்வொன்றுக்கும் சென்னைக்கு பஸ். நடுராத்திரி போன் அடித்தால் சில மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும். மாற்று முடிந்தபின் ஆயுள் முழுக்க மாத்திரை. “வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் உண்டா, தனி அறை உண்டா?” என்று கனிவாகக் கேட்பார்கள். தறியும் அடுப்பும் பாயும் ஒரே அறையில் இருக்கிற வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ‘ஏற்ற நோயாளி அல்ல’ என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடிவிடலாம். முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் இலவசமாகச் செய்கிறார்கள். அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்த வாசல்வரை ஏழையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிக்கு எந்தக் காப்பீடும் கிடையாது.

வாங்கும் பட்டியலில் ஏற இத்தனை படி. கொடுக்கும் பட்டியலில் ஏற ஒரு படிகூட இல்லை, புரோக்கரே வீடு தேடி வருவார்! பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூலிகளைக் கேளுங்கள். நம்மைப் போலவே நூலை நம்பிக் கடனில் பிழைப்பவர்கள். அங்கே பல வருஷமாக நடந்த கிட்னி வியாபாரம் 2025 ஜூலையில் மறுபடி வெடித்தது. திருச்சி, பெரம்பலூர் தனியார் மருத்துவமனைகள் இரண்டின் மாற்று சிகிச்சை அனுமதி நிறுத்தப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை ஓடியது. அங்கே தலையிட மறுத்துவிட்டார்கள். கிட்னி போன கூலிக்காக டெல்லிவரை ஓடிய அரசை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

1994-ஆம் வருஷத்துச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. கூடவே ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தது: உறவு இல்லாதவரும் பாசத்தால் தரலாம், அங்கீகாரக் குழு ஒப்புக்கொண்டால் போதும். ஆகா, என்ன பாசம்! பள்ளிபாளையத்துக் கூலிக்கு, அதுவரை முகம்கூடப் பார்த்திராத பணக்கார நோயாளி மேல் திடீரென்று பாசம் பொங்குகிறது. குழு கேட்கிறது, கண் கலங்குகிறது, கையெழுத்துப் போடுகிறது. இந்தப் பாசம் ஒரே திசையில்தான் பாயும். எந்தத் தொழிலதிபராவது பாசம் தாளாமல் தறிக்கூலிக்கு ஒரு கிட்னி கொடுத்ததாக எந்தக் குழுவின் கோப்பிலாவது காட்டுங்கள் பார்ப்போம்.

விற்றாவது உருப்பட்டார்களா? 2001-இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடன் அடைக்க. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர், பேசியதைவிடக் குறைவு. விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். கிட்னி போனது, கடன் போகவில்லை. வில்லிவாக்கத்துக்கு ஊர்க்காரர்கள் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெற்றவர்கள் 29,695 பேர் ஆண்கள், 6,945 பேர் பெண்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மனைவியும் அம்மாவும். அவளுக்குக் கிட்னி போனால், “சம்பாதிக்கிற ஆள் கொடுக்க முடியுமா?” என்று அதே வீடு கேட்கும். சியாட்டில் கமிட்டி கேட்ட கேள்வியை நம் வீட்டுக் கூடத்தில் மாமியாரும் மச்சானும் கேட்கிறார்கள். அதற்கு மட்டும் எந்தப் பத்திரிகையும் பெயர் வைக்கவில்லை.

2023 முதல், உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அதிகாரி வருகிறார், மலர்வளையம் வைக்கிறார். வைக்கட்டும், தகுதியான மரியாதைதான். செத்த ஏழைக்கு மாலை போடத் தெரிந்தவர்கள், அடுத்த தெருவில் டயாலிசிஸில் கிடக்கும் ஏழையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டிருப்பார்களா?

அரசில் இருப்பவர்களே, எத்தனை இதயம், எத்தனை கல்லீரல், எத்தனை கிட்னி என்று வருஷா வருஷம் மார்தட்டுகிறீர்கள். இன்னும் நாலு கட்டம் சேர்த்துப் போடுங்கள். பெயர் வேண்டாம். கொடுத்தவரின் வருமானம், வாங்கியவரின் வருமானம். கொடுத்தவர் முதலில் கிடந்த மருத்துவமனை, வாங்கியவர் படுத்திருந்த மருத்துவமனை. வேறு ஊரிலிருந்து தூக்கி வரப்பட்டவரின் உறுப்பு முழுவதும் பொதுப் பட்டியலுக்கே என்று விதியை மாற்றுங்கள். ‘பாசத்தால்’ தந்தவர்களை ஒரு வருஷம் கழித்துத் தேடிப் போய், கடன் அடைந்ததா என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை யார் அட்டைக்குப் போனது என்று அன்றைக்கே செல்போனுக்குச் செய்தி அனுப்பத் தெரிகிறது. ஒரு கிட்னி எந்த வருமானத்திலிருந்து எந்த வருமானத்துக்குப் போனது என்று எழுதத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுதினால், இந்த நாட்டில் தானம் செய்கிற சாதி எது, தானம் வாங்குகிற சாதி எது என்று பக்கத்துக்குப் பக்கம் அம்பலமாகும். அதனால்தான் எழுத மாட்டீர்கள்.