கரிசலில் ஒரு கோர்ட்

கோவில்பட்டிப் பக்கம் அத்தான் கொல்லையில் ஷட்டில் கோர்ட் போட்டார். நீளம் 44 அடி, அகலம் 20 அடி, இம்மி பிசகவில்லை. மண்ணைத்தான் யாரும் கேட்கவில்லை. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். "தோண்டி எடுத்துட்டு கிராவல் நிரப்பணும்" என்றார் கொத்தனார். "நான் என்ன மாடி வீடா கட்டுறேன்?" என்றார் அத்தான்.

ஐப்பசியில் தளம் மேடு தட்டியது. பங்குனியில் நாலாகப் பிளந்தது. ஆடிக்காற்றில் பந்து பக்கத்து வீட்டு முருங்கையில் குடியேறியது. கிழக்கு மேற்காகப் போட்டதால், சாயங்காலம் ஒரு பக்கத்து ஆட்டக்காரருக்குச் சூரிய நமஸ்காரம் இலவசம்.

இப்போது வலைக்கு இந்தப் பக்கம் அக்காவின் மிளகாய் வத்தல், அந்தப் பக்கம் மல்லி. இதுவரை ஒரு வத்தல்கூட அவுட் இல்லை.